உவர்க் கிணறு: இரண்டாம் பாகம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

‘நிலாக் கிணறு’ நாவலின் இரண்டாம் பாகமான ‘உவர்க் கிணறு’ வெளிவந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் எழுதிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத நேரம் போதவில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். கதையின் பெரும்பகுதியைத் தொட்டிருக்கிறேன், முடிவை மட்டும் விட்டிருக்கிறேன்.

முதல் பாகம் வாசிக்காமல் இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் தடுமாறும். நடந்தது இதுதான். புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். கோதைக்கு 16 வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடம். அவளுடைய அம்மம்மா ஊரில் பார்வை பார்க்கிறவர்: நாவூறு கழிப்பார், நூல் கட்டுவார், தண்ணீர் ஓதிக் கொடுப்பார். ஊருக்குத் தெரியாத ஒன்றும் அவரிடம் உண்டு. நிலாவரைக் கிணற்றின் அடியில் ‘கீழ்க்கரை’ என்ற உவர் நாடு இருக்கிறது. அங்கிருந்து எதுவும் மேலே வராமல் காப்பது அவர் பரம்பரையின் வேலை.

கோதையின் மாமியின் மூத்த மகன் கடலில் மூழ்கி இறக்கிறான். மாமி மந்திரம் எழுதிய ஏட்டின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு அவனைக் கீழ்க்கரையிலிருந்து இழுத்து எடுக்கிறார். அதற்கு விலையாகக் கோதையின் தம்பி கரைந்து போகிறான். செத்துப் போனான் என்றுகூடச் சொல்ல முடியாது. படங்களில் அவன் நின்ற இடம் வெறுமையாகிறது. வகுப்பு இடாப்பில் பெயர் இல்லை. “எனக்கு நீ ஒருத்திதானே பிள்ளை” என்கிறார் அம்மா. அம்மம்மா கட்டிவிட்ட கறுப்பு நூல் கையில் இருப்பதால் கோதைக்கு மட்டும் அவன் நினைவில் இருக்கிறான். அவனை மீட்கப் போன அம்மம்மாவும் இறந்துவிடுகிறார். ஏட்டின் மற்றப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கோதை கிணற்றடியில் நிற்பதோடு முதல் பாகம் முடிகிறது.

இரண்டாம் பாகத்தில் அவளுக்கு 17. மாமியைப் பழிவாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

எந்த வயதுப் பிள்ளைகள் வாசிக்கலாம்?

13 வயதுக்கு மேல். சாவு இருக்கிறது, பயம் இருக்கிறது. கோதை தானே தேடிப்போய்ச் செய்கிற ஒரு கொடுமையும் இருக்கிறது. இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் பதினோராம் அத்தியாயத்தைப் பகலில் வாசிக்கட்டும்.

இதில் வரும் செய்வினை, மந்திரம் எல்லாம் உண்மையானவையா? பிள்ளைகள் பார்த்துப் பழகிவிட மாட்டார்களா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். கவலை நியாயமானது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

புத்தகத்தில் ஒரு மந்திரம்கூட முழுமையாக இல்லை. கோதையின் வாயிலிருந்து வரும் சொற்கள் எல்லாம் நான் கட்டியவை, ஒப்பாரியின் சந்தத்தில் கட்டியவை. ஆனால் மந்திரத்தைச் சுற்றியுள்ள பொருட்களும் பழக்கங்களும் எங்கள் வீடுகளில் இருப்பவைதான். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவது, தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழிப்பது, மரத்தடியில் சூலமாக நிற்கும் வைரவர், உச்சிப் பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி நிற்கும் என்று சொல்லி வைத்திருப்பது, பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் கொத்தி பற்றிய பயம். இவற்றைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மாயக் கதை எழுத எனக்கு வெளிநாட்டுக் கோட்டை தேவைப்படவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூனியம் என்ற சொல் எங்கள் ஊரில் உண்மையாகவே ஆட்களை நாசமாக்கியிருக்கிறது. என் பெரியம்மா ஒருவர் உடம்பு மெலிந்துகொண்டே போனார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பக்கத்து வளவுக்காரர்மேல் சந்தேகம் விழுந்தது. இரண்டு கழிப்பு, நகை அடகு, பிறகு வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பதினொரு வருடம் பேச்சில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது அது சலரோகம். அந்தப் பக்கத்து வீட்டு அன்ரி எனக்குச் சின்ன வயதில் பனங்காய்ப் பணியாரம் தந்தவர். அந்தப் பதினொரு வருடத்தை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த நாவலில் ‘ஆர் செய்தது?’ என்று ஊர் விரலை நீட்டும் இடம் ஒன்று வருகிறது. ஊர் நீட்டும் விரல் பிழையான ஆளைக் காட்டுகிறது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது பெரியம்மாவின் வேலிதான் கண்ணுக்குள் நின்றது. சுகமில்லை என்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள். இதைப் புத்தகத்துக்குள் கோதையின் அம்மம்மாவும் சொல்கிறார், அவர் பார்வை பார்ப்பவராக இருந்தும்.

உவர் மந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குப் பிடித்தமான வேலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளால் இறங்கித் தங்குகிறது. ஆனால் கடல் நாலு பக்கமும் நெருங்கி நிற்பதால் உவர்த் தண்ணீரும் அடியில் உள்ளே வந்திருக்கிறது. உவர் கனமானது, நன்னீர் லேசானது. அதனால் நன்னீர் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் எடுத்தது கொஞ்சம். மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் மேலே இருக்கும் நன்னீர் மெலிந்து, கீழே இருக்கும் உவர் ஏறிவிடும். ஒருமுறை ஏறியது இறங்க மாரி மழை வேண்டும், சில வேளை பல மாரி வேண்டும். தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

நிலாவரைக் கிணறு நவக்கிரியில் இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர். இராமர் அம்பு விட்ட இடம் என்று கதை. அதில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கடலோரத்தில் இருக்கும் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஏழு வயதில் நான் தேசிக்காய் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அடுத்த கிழமை கீரிமலைக்குப் போகக் கிடைத்தபோது கேணியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். அந்தத் தேசிக்காய்தான் முதல் பாகத்தின் முதல் வரி.

நாவலின் மந்திர விதி இந்தத் தண்ணீரிலிருந்து வந்தது. மந்திரத்தால் எதையும் புதிதாக உண்டாக்க முடியாது, கீழே இருப்பதை இழுக்கலாம், அவ்வளவுதான். இழுத்தால் உவர் ஏறும். ஊரில் எங்கோ ஒரு கிணறு கரிக்கத் தொடங்கும், யாரோ ஒருவருடைய நினைவு அதில் கரையும். யாருடையது என்று இழுப்பவர் தெரிவு செய்ய முடியாது. மாமி கோதைக்குச் சொல்வது இதைத்தான்: “உன்ரை தம்பியை நான் எடுக்கேல்லைப் பிள்ளை. என்ரை பிள்ளையைத்தான் எடுத்தனான். மிச்சத்தைக் கிணறு எடுத்துது.”

கோதை பழிவாங்க உவரை இழுக்க ஆரம்பித்ததும் அவளுக்கும் அதே விதிதான். முதல் தடவை எதிர் வீட்டுக் கிணறு கரிக்கிறது. இரண்டாம் தடவை, ஒழுங்கை முடிவில் இருக்கிற தாத்தா தன் மனைவியின் பெயரை மறந்துபோகிறார். கோதைக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே மூன்றாம் தடவையும் இழுக்கிறாள். என்னை இதற்காகக் கோபித்தவர்கள் பலர். அவள் நல்லவளாக இருந்துகொண்டே இருட்டுக்குள் போய் வந்தாள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

பழிவாங்கலை ஏன் இவ்வளவு கடுமையாக எழுதினீர்கள்? கோதைக்கு நியாயம் இருக்கிறதே?

நியாயம் இருக்கிறது. அவளுக்கு நியாயம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

எனக்கு வழி காட்டியது எங்கள் பழைய இரட்டைக் காப்பியங்கள். யோசித்துப் பாருங்கள்: தமிழில் ‘இரண்டாம் பாகம்’ என்ற எண்ணமே மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டு மதுரையை எரிக்கிறாள். அதன் தொடர்ச்சியாக வருகிற மணிமேகலையில் கதாநாயகி மாதவியின் மகள், இளம்பெண். கடவுள் ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மணிபல்லவத் தீவில் விடுகிறது. அந்தத் தீவு எங்கள் நயினாதீவுதான் என்று சொல்வோர் பலர். அங்கே அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது: உருமாற, வானத்தில் பறக்க, பசியைத் தாங்க. காதலிக்கிற அரசகுமாரன் உதயகுமரன் துரத்துகிறான். அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்க, அந்தப் பெண்ணின் கணவன் தவறாக விளங்கிக்கொண்டு உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மகனை இழந்த அரசி மணிமேகலையைப் பழிவாங்கப் பார்க்கிறாள். மாயம், காதல், பழி மூன்றும் ஒன்றாக முறுகுகின்றன. அந்த அரசியிடம் மணிமேகலை கேட்கிறாள்: நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா? உயர்தரத்தில் தமிழ் படித்த நாளில் அந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவமாகத்தான் தெரிந்தது. மாமியை எழுதத் தொடங்கிய பிறகுதான் அது ஒரு தாயைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று விளங்கியது.

இன்னும் ஒன்று. மணிமேகலை வஞ்சிக்குப் போய்க் கண்ணகியின் கோட்டத்தில் நிற்கிறாள். அங்கே கண்ணகியே பேசுகிறாள். மதுரையை எரித்த வினை தன்னை விடாது, அதன் பயனைப் பின்னால் அனுபவித்தே தீரவேண்டும் என்கிறாள். நீதி அவள் பக்கம்தான். எரிக்கும்போதுகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கு ஆணையிட்டவள் அவள். ஆனாலும் எரித்ததன் கணக்கு அவளுக்கு இருக்கிறது. இதைச் சொல்வதற்கு ஒரு தொடர்ச்சி வேண்டியிருந்தது. முதல் கதையில் நெருப்பு, இரண்டாம் கதையில் அமுதசுரபி. கோதையின் இரண்டாம் பாகத்தை இந்த வரிசையில்தான் யோசித்தேன்.

கண்ணகி எங்களுக்குத் தூரத்தவள் இல்லை. கண்ணகை அம்மன் என்று வடக்கிலும் கிழக்கிலும் கும்பிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் அப்படி இருந்த கோயில்கள் சில பின்னாளில் வேறு அம்மன் பெயருக்கு மாறின. முல்லைத்தீவில் நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் அவள் கிழவி வடிவத்தில் வந்து மாடு மேய்த்த சிறுவர்களிடம் விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை ஊற்றுங்கள் என்றாள். விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு அங்கே உப்புத் தண்ணீரில் விளக்கு எரிக்கிறார்கள். மதுரையை எரித்தவள் இங்கே வந்து உவரில் ஒரு சிறு விளக்கை ஏற்றுகிறாள். இந்தக் கதைதான் என் நாவலின் கடைசிப் பகுதிக்குத் திறவுகோல். எப்படி என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். கார்த்திகை விளக்கீடு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கோதையும் பரணியும் சேருவார்களா?

இந்தக் கேள்விதான் எண்ணிக்கையில் முதலிடம்.

பரணி மாமியின் இளைய மகன், கோதைக்கு மச்சான். முறை சரி, வயது சரி, ஊரும் ஒன்று. எல்லாம் சரியாக இருக்கிற இடத்தில்தான் சிக்கல். கோதை கரைக்க நினைப்பது பரணியின் அண்ணனை, செத்துத் திரும்பி வந்த அண்ணனை. அவன் போனால்தான் தம்பி வருவான் என்று அவள் நம்புகிறாள். பரணிக்குத் தம்பியின் நினைவே இல்லை. ஆனால் அவனுடைய கைக்கு இருக்கிறது. தைப்பொங்கலுக்கு எப்போதும் அவன் இரண்டு பட்டம் கட்டுவான். ஒன்று தனக்கு எட்டுமூலை. மற்றது சின்னதாக ஒரு கொக்குப் பட்டம், யாருக்கென்று தெரியாமல். வல்வெட்டித்துறைப் போட்டிக்குப் போகும்போதும் இரண்டையும் கொண்டுபோவான். கோதை அவனை வெறுக்கத்தான் முடிவெடுத்திருந்தாள். அந்தக் கொக்கைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

காதல் காட்சி குறைவு என்று சில தங்கைகள் குறைப்பட்டார்கள். இரவில் விண் பூட்டிய பட்டத்தைப் பூவரசில் கட்டிவிட்டு, அது கூவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் கிணற்றுக் கட்டில் இருக்கிற அத்தியாயம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய காதல் காட்சி எனக்கு எழுதத் தெரியாது. கிடுகு வேலி இருந்த ஊரில் காதல் அப்படித்தான் நடந்தது, பாதி கேட்பதும் பாதி பார்ப்பதுமாக.

சேருவார்களா என்றால், கோதை அவனிடம் உண்மையைச் சொல்கிறாளா என்பதில் இருக்கிறது. மறைத்துவிட்டு அவன் கையைப் பிடிக்க நான் அவளை விடவில்லை. பரணி கோபிப்பதற்கும் முழு உரிமை கொடுத்திருக்கிறேன். பெண்பிள்ளை அழுதால் உடனே மன்னித்துவிடுகிற ஆணை எழுத எனக்கு மனமில்லை, ஆண்பிள்ளை மூன்று தடவை பின்னால் வந்தால் உடனே இளகுகிற பெண்ணையும்தான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் துரத்துவது காதல் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு படம் காட்டியாகிவிட்டது.

மாமி கெட்டவரா?

இல்லை. அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அவர் செய்தது கெட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

அம்மம்மாவை ஏன் சாகவிட்டீர்கள்?

அவர் இருந்தால் கோதை இருட்டுக்குப் போயிருக்க மாட்டாள். எழுதிவிட்டு இரண்டு நாள் நானும் சோறு சாப்பிடவில்லை. இரண்டாம் பாகத்தில் அவர் குரல் ஓர் இடத்தில் வருகிறது. ஆடிக்கூழ் காய்ச்சும் காட்சியைக் கவனமாக வாசித்தால் பிடிபடும்.

கதையில் வரும் இடங்களைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கீழ்க்கரையைத் தவிர. நிலாவரைக்குப் போனால் கிணற்றைப் பார்க்கலாம், தயவுசெய்து எட்டிக் குதிக்க வேண்டாம். நல்லூரில் சங்கிலியன் தோப்புப் பக்கம் யமுனா ஏரி இருக்கிறது, ‘ப’ வடிவத்தில் கட்டிய கேணி. யமுனையின் தண்ணீரைக் கொண்டுவந்து கலந்தார்கள் என்று கதை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பிறகும் அந்தக் கேணி மிஞ்சி நிற்கிறது. கோதை ஏட்டின் மற்றப் பாதியைக் கழுவுவது அங்கேதான். வடமராட்சியில் மணற்காட்டுக்குப் போனால் மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் தெரியும். கரைந்தவர்கள் கூடும் இடமாக அதை வைத்தேன். அங்கே மாலையில் காற்று வீசும்போது மணல் நகர்வதைக் காதால் கேட்கலாம்.

கோதை ஒளிந்திருக்கும் நெடுந்தீவுக்கு குறிகட்டுவானிலிருந்து படகு. பவளக் கல் அடுக்கிய மதில்கள், காட்டுக் குதிரைகள், உள்ளே வெறுமையான பெருக்கமரம். அந்தக் குதிரைகளை மாமியின் படையாக ஆக்கினீர்களே என்று ஒரு நெடுந்தீவுப் பிள்ளை என்னோடு சண்டை பிடித்தாள். அவள் சொன்னது சரி. அவை தண்ணீருக்கு அலைகிற பாவப்பட்ட பிராணிகள். மறுபதிப்பில் அந்தப் பகுதியை மாற்றுகிறேன்.

குதிரை என்றதும் கீரிமலை. குதிரை முகத்தோடு இருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அங்கே நீராடி முகம் மாறினாள், அவள் கட்டிய கோயில் மாவிட்டபுரம் என்பார்கள். மா என்றால் குதிரை, அது விட்டுப்போன புரம். உருமாறும் காட்சிக்கு இதற்கு மேல் எங்கே போவேன்?

‘கடைசி ஏடு எரிந்துபோனது’ என்று எழுதியிருப்பது நூலகத்தைப் பற்றியா?

ஆம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. கதையில் மிஞ்சியிருக்கும் ஏடு இரண்டு பாதி. உவரை எப்படி இழுப்பது என்பது அவற்றில் இருக்கிறது, எப்படி இறக்குவது என்பது மூன்றாவது ஏட்டில் இருந்தது. அந்த மூன்றாவது ஏடு நூலகத்தில் இருந்தது என்று எழுதினேன். இழப்பதற்கான வழி கையில் இருக்கிறது, மீட்பதற்கான வழி எரிந்துவிட்டது. எங்கள் தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான மாயக்கதை எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் இது போரைப் பற்றிய கதையா?

நேரடியாக இல்லை. நாவலில் ஒரு துவக்குச் சத்தமும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை காணாமல் போகிறான், அவன் இருந்தான் என்பதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருத்தி மட்டும் இருந்தான் இருந்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இதை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும்போது என்ன நினைவு வரும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் இருக்கும் அம்மாக்களை நான் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் வேகத்தைக் குறைப்பேன். அவர்களுடைய கதையை மாயமாக்கி விற்க எனக்கு உரிமை இல்லை. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தம்பியை மலிவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அவனை மறக்கச் சொல்லியும் கோதைக்கு யாரும் உபதேசம் செய்யக் கூடாது. “மறந்திட்டு இரு பிள்ளை” என்று சொல்கிற ஒரே ஆள் புத்தகத்தில் கீழ்க்கரையின் காவலன். அவனுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது.

இந்தியாவில் இருக்கிறோம். சில சொற்கள் விளங்கவில்லை. அருஞ்சொற்பட்டியல் ஏன் இல்லை?

படலை என்றால் வளவின் வாசல் கதவு, ஒழுங்கை என்றால் சந்து, வடலி என்றால் இளம் பனை, தேசிக்காய் என்றால் எலுமிச்சை, கதைப்பது என்றால் பேசுவது. இரண்டு மூன்று இடத்தில் வந்ததும் தானாகப் பிடிபடும். சென்னைக் கதைகளையும் மதுரைக் கதைகளையும் நாங்கள் பட்டியல் இல்லாமல்தான் வாசித்து வளர்ந்தோம். அன்போடுதான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். உரையாடல் மட்டும்தான் பேச்சுத் தமிழ். கதை சொல்லும் பகுதி எல்லாருக்கும் பொதுவான எழுத்துத் தமிழ்.

நானும் ஒரு மாயக் கதை எழுதுகிறேன். இரண்டாம் பாகத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்ய?

எனக்கும் ஒன்றரை வருடம் நின்றது. முதல் பாகத்தில் எல்லாம் புதிது, வாசகர் வியப்பிலேயே கடந்துவிடுவார். இரண்டாம் பாகத்தில் வியப்பு முடிந்துவிடும். அப்போது பலர் இன்னும் பெரிய அரக்கன், இன்னும் பெரிய மந்திரம் என்று தேடிப் போகிறார்கள். நானும் போனேன், இருநூறு பக்கம் எழுதி எறிந்தேன். பிறகு ஒரு பழைய கொப்பியில் முதல் பாகத்தில் யார் யாருக்கு என்ன கடன் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். மாமி கோதைக்கு, கோதை அம்மம்மாவுக்கு, பரணி ஒரு பெயர் தெரியாத பையனுக்கு. அந்தக் கடன் கணக்குத்தான் இரண்டாம் பாகம் ஆனது. மந்திரத்துக்கு விலை வையுங்கள், அந்த விலையை உங்களுக்குப் பிடித்த பாத்திரமே கட்டட்டும். அப்புறம், உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். என் கதை அங்கேதான் திறந்தது.

மூன்றாம் பாகம் வருமா?

வரும். மாரியில் தொடங்குகிறது.

புத்தகம் முழுக்கத் தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏன் வெறும் கோடு போட்டிருக்கிறது? அச்சுப் பிழையா?

அச்சகத்திலும் முதலில் அப்படித்தான் நினைத்து இரண்டு தடவை கேட்டார்கள். பிழை இல்லை. கரைந்தவனின் பெயரைக் கோதை மட்டும்தான் சொல்ல முடியும், எங்களால் கேட்க முடியாது. அதனால் அவள் அவனைக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு. முதல் பாகத்திலும் அவன் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒரு தடவைகூட இருக்காது. அங்கே எல்லாரும் ‘தம்பி’ என்றே கூப்பிடுவதால் யாரும் கவனிக்கவில்லை.

போன மாசி மாதம் ஒரு பாடசாலையில் பிள்ளை ஒருத்தி கையெழுத்துக்காகத் தன் பிரதியை நீட்டினாள். திறந்து பார்த்தேன். அத்தனை கோட்டின் மேலும் பென்சிலால், சின்ன எழுத்தில், ஒரே பெயரை எழுதியிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓர் இடமும் விடவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயரை எழுதி, அன்புடன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.